காடை முட்டை: பெரிசா, சிறிசா, நடுத்தரமா?



மதுரையைச் சுற்றி மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமெல்லாம் காடை வளர்க்கலாமா என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். காரணம் தெரிந்ததுதான். இடம் கொஞ்சம் போதும், முதலும் கொஞ்சம் போதும், அஞ்சு வாரத்தில் கையில் காசு பார்க்கலாம். ‘ஆயிரம் கோழிக்கு அரைக் காடை’ என்று சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. ராத்திரி பரோட்டாக் கடைகளில் காடை வறுவலுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது.

ஆனால் காடையில் இறங்குகிறவர்களில் பலருக்கு முதல் அடி விழுவது விற்பனையில் இல்லை, பொரிப்பில். "நூறு முட்டை வெச்சேன், பாதிகூட வரலை" என்பார் ஒருத்தர். "குஞ்சு வந்துச்சு, முதல் வாரத்துலயே கால்வாசி போயிருச்சு" என்பார் இன்னொருத்தர். உடனே யாராவது ஒரு யோசனை சொல்வார்கள்: "பெரிய முட்டையாப் பார்த்து வைங்க. பெரிய முட்டைன்னா பெரிய குஞ்சு, பெரிய குஞ்சுன்னா பெரிய காடை." இதை நம்பி, பெரிய முட்டை என்று சொல்லி விற்பவரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு.

இந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி தப்பு. எந்தப் பாதி உண்மை என்று தெரிந்துகொண்டால் காசு மிச்சம். வங்கியில் கடன் மனுக்களைப் படித்துப் படித்தே காலத்தைக் கழித்தவன் நான். எந்தத் தொழிலையும் எண்ணில் வைத்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. இதையும் அப்படியே பார்ப்போம்.

நாம் வளர்ப்பது எந்தக் காடை?

பண்ணையில் நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. நம் மானாவாரிக் காட்டில் விர்ரென்று எழும்பிப் பறக்கிற காட்டுக் காடை வேறு. காட்டுக் காடையைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2011-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜப்பானியக் காடைப் பண்ணைகளுக்கும் கட்டுப்பாடு போட்டது. பிறகு அதைத் தளர்த்தியது. ஆகவே குஞ்சோ முட்டையோ பண்ணையிலிருந்துதான் வாங்க வேண்டும், வாங்கியதற்கு ரசீது இருக்க வேண்டும். கண்ணி வைத்துப் பிடித்ததை ஒருபோதும் வாங்கக் கூடாது.

ஜப்பானியக் காடை 1974-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப்பிரதேசத்தில் உள்ள இசத்நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்துதான் நாடு முழுவதும் பரவியது. நம் மாநிலத்தில் 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாமக்கல் காடை, நந்தனம் காடை என்ற பெயர்களில் ரகங்களை உருவாக்கித் தந்தது. இதே பல்கலைக்கழகத்துக்கு மதுரை திருப்பரங்குன்றத்தில் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புதிதாக இறங்குகிறவர்கள் கொட்டகை போடுவதற்கு முன்னால் அங்கே ஒரு எட்டு போய் வருவது நல்லது.

இந்தக் காடையைப் பற்றி ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். பல தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்ந்ததால் இதற்கு அடை உட்காரும் குணமே போய்விட்டது. முட்டையைப் போட்டுவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். ஆகவே பொரிப்பது முழுக்க நம் பொறுப்பு. கொஞ்சம் முட்டை என்றால் அடை விழுந்த சிறுவிடைக் கோழியிடம் வைக்கலாம். நிறைய என்றால் இன்குபேட்டர்தான்.

முட்டையின் எடையும் குஞ்சின் எடையும்

ஜப்பானியக் காடையின் முட்டை சராசரியாக 10 கிராம் இருக்கும். சில பெட்டைகள் 8 கிராம் போடும், கறிக்காக வளர்க்கும் கனத்த ரகங்கள் 12, 13 கிராம்கூடப் போடும். பண்ணைக் கோழி முட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சின்ன முட்டையில் 2 கிராம் வித்தியாசம் என்பது சின்ன விஷயம் இல்லை.

பொரிக்கிற அன்று குஞ்சின் எடை, வைத்த முட்டையின் எடையில் 65 முதல் 70 சதவீதம் இருக்கும். மீதி எங்கே போகிறது? கொஞ்சம் ஓடாக நின்றுவிடும். அடையில் இருக்கும்போது ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறிவிடும். கரு வளரும்போது எரித்த சக்தியும் அதில் சேரும்.

அப்படியானால் 8 கிராம் முட்டையிலிருந்து ஏறக்குறைய 5½ கிராம் குஞ்சு வரும். 12 கிராம் முட்டையிலிருந்து 8 கிராம் குஞ்சு வரும். பெரிய முட்டையில் பெரிய குஞ்சு என்ற பேச்சின் முதல் பாதி உண்மை என்று இதிலேயே தெரிகிறது. இதில் சந்தேகமே வேண்டாம், கோழி, வாத்து, வான்கோழி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

அப்படியானால் பெரிய முட்டைதானே நன்றாகப் பொரிக்கும்?

இங்கேதான் சறுக்கல். எடை கூடக்கூடப் பொரிப்பும் கூடிக்கொண்டே போவதில்லை. பொதுவாக ஒரே மந்தையின் முட்டைகளை எடை பிரித்து வைத்தால், நடுத்தர முட்டைகள்தான் நம்பிக்கையாகப் பொரிக்கும். ரொம்பச் சிறியதும் பின்தங்கும், ரொம்பப் பெரியதும் பின்தங்கும். காரணம் ஓட்டின் பரப்பில் இருக்கிறது.

முட்டை மூச்சு விடுவது ஓட்டின் வழியாக. பிராணவாயு உள்ளே வருவதும், ஈரமும் சூடும் வெளியே போவதும் அந்த வழிதான். 8 கிராம் முட்டையின் ஓட்டுப் பரப்பு ஏறத்தாழ 19 சதுர சென்டிமீட்டர். 12 கிராம் முட்டைக்கு ஏறத்தாழ 25. எடை ஒன்றரை மடங்கு ஏறிவிட்டது, ஆனால் பரப்பு மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக ஏறவில்லை. வேறு மாதிரிச் சொன்னால், சின்ன முட்டையில் ஒரு கிராமுக்கு 2.4 சதுர சென்டிமீட்டர் ஓடு இருக்கிறது, பெரிய முட்டையில் 2.1 தான் இருக்கிறது.

இதனால் என்ன ஆகும்?

சின்ன முட்டை சீக்கிரம் காயும். உள்ளே ஈரம் தேவைக்கு மேல் குறைந்து, கடைசியில் குஞ்சு சவ்வோடு ஒட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் நின்றுவிடும். மஞ்சள் கருவின் இருப்பும் குறைவு.

பெரிய முட்டை சரியாகக் காயாது. 14-ம் நாளுக்கு மேல் கரு பெரிதாகி அதுவே சூடு விடும். அந்தச் சூட்டை வெளியே தள்ளவும், போதுமான காற்றை உள்ளே இழுக்கவும் ஓடு பத்தாது. ஈரம் தங்கிப்போனால் குஞ்சு ஊதிப்போய், மூக்கால் கொத்தி உடைக்க வலுவில்லாமல் உள்ளேயே முடிந்துவிடும். இது போதாதென்று, பெரிய முட்டைகள் பெரும்பாலும் வயதான பெட்டைகளிடமிருந்து வருபவை, ஓடும் கொஞ்சம் மெலிந்திருக்கும். அளவுக்கு மீறிப் பெரியது இரட்டைக் கருவாக இருக்கும். இரட்டைக் கரு பொரிக்கும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்.

நம் ஊர் பருவத்தோடு சேர்த்துப் பார்த்தால்

மதுரைச் சமவெளியில் சித்திரை, வைகாசியில் பிற்பகல் காற்று எலும்பைக் காயப்போடுகிற மாதிரி வறண்டிருக்கும். அந்த நேரத்தில் இன்குபேட்டருக்குள் ஈரப்பதம் தானாக இறங்கும். முதலில் அடிபடுவது சின்ன முட்டை. தண்ணீர்த் தட்டைக் காலையும் மாலையும் பார்த்து நிரப்புங்கள். தட்டின் அகலம் கூடினால்தான் ஈரம் கூடும், ஆழம் கூடி பயனில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலைமை தலைகீழ். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது பெரிய முட்டை காய வழியில்லை. அப்போது தண்ணீர்த் தட்டைக் குறைக்க வேண்டும், காற்றுத் துவாரத்தைத் திறந்து வைக்க வேண்டும்.

கோடையில் இன்னொரு விஷயமும் உண்டு. வெயில் ஏறினால் தாய்க் காடை தீவனம் குறைத்துத் தின்னும், தண்ணீர்தான் நிறையக் குடிக்கும். அதனால் முட்டையின் எடையும் இறங்கும், ஓடும் மெலியும். "சித்திரையில முட்டை சிறுத்துப்போச்சு, ரகம் கெட்டுப்போச்சோ?" என்று பயப்பட வேண்டாம். கூரை மேல் தென்னங்கீற்றைப் போட்டு நனைத்து விடுங்கள். தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள்.

பொரிக்காததற்கெல்லாம் அளவு காரணம் இல்லை

இதைக் கட்டாயம் பிரித்துப் பார்க்க வேண்டும். கூமுட்டை வேறு, கரு கூடியும் பொரிக்காத முட்டை வேறு.

100 முட்டை வைக்கிறோம். அதில் 20 கூமுட்டை. கரு கூடிய 80-ல் 60 பொரிக்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வைத்த முட்டைக்குப் பார்த்தால் பொரிப்பு 60 சதவீதம். கருமுட்டைக்குப் பார்த்தால் 75 சதவீதம். இரண்டும் சரியான கணக்குத்தான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. "எங்க முட்டை 75 சதவீதம் பொரிக்கும்" என்று ஒருவர் சொன்னால், வைத்ததிலா கரு கூடியதிலா என்று கேளுங்கள். வட்டி எவ்வளவு என்று கேட்கும்போது மாசத்துக்கா வருஷத்துக்கா என்று கேட்கிறோமே, அந்த மாதிரி.

கூமுட்டைக்கு முட்டையின் அளவு காரணம் இல்லை. ஆண் காடை குறைவாக இருப்பது, ஆணுக்கு வயதாகிவிட்டது, ஒரே ரத்தத்தில் திரும்பத் திரும்ப இனம் சேர்ந்தது, இவைதான் காரணம். இரண்டு அல்லது மூன்று பெட்டைக்கு ஒரு ஆண் இருக்க வேண்டும். காடையில் நெருங்கிய உறவில் இனம் சேர்ந்தால் கருக்கூடுவது வேகமாக விழும், கோழியைவிடக் காடைக்கு இது பெரிய பாதிப்பு. ஆகவே வெளிப்பண்ணையிலிருந்து ஆணை மாற்றிக்கொண்டே இருங்கள். பக்கத்து ஊர்க்காரரும் நீங்களும் ஆண் காடைகளை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் காசு செலவில்லை.

பொரிக்காத முட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடைத்துப் பாருங்கள், அதுதான் உங்கள் தணிக்கை அறிக்கை. உள்ளே கருவின் தடமே இல்லை என்றால் கூமுட்டை. ரத்த வளையம் தெரிந்தால் ஆரம்பத்திலேயே செத்தது, பெரும்பாலும் சேமிப்பில் கோளாறு. முழுக் குஞ்சாகி நீர் கோத்துக் கிடந்தால் ஈரப்பதம் அதிகம். முழுக் குஞ்சாகிச் சவ்வோடு காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரப்பதம் பத்தவில்லை.

சேமிப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காடை பெரும்பாலும் பிற்பகலிலும் சாயங்காலமும்தான் முட்டை இடும். காலையில் பொறுக்கலாம் என்று விட்டால் முட்டை ராத்திரி முழுக்கக் கூளத்தில் கிடக்கும். மாலையிலேயே, விளக்கு வைக்கிற நேரத்தில் பொறுக்கிவிடுங்கள். அடைக்கு வைக்கும் முட்டை 15 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சியில் இருந்தால் ஒரு வாரம் தாங்கும். நம் வீட்டில் சித்திரை மாதம் நிழலிலேயே 35 டிகிரிக்கு மேல் போகிறது. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி அப்படியே செத்துப்போகும். ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் முட்டையை வைத்து, மூன்று நாளுக்குள் அடைக்கு ஏற்றிவிடுவது நம்மால் முடிந்த வழி. அகன்ற முனை மேலே இருக்க வேண்டும். அழுக்கு முட்டையை மஞ்சள் தண்ணீரிலோ வேறு எதிலோ கழுவலாமா என்று கேட்கிறார்கள். கழுவாதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமிக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. உலர்ந்த துணியால் துடையுங்கள், ரொம்ப அழுக்கானதைச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

பெரிய குஞ்சு பெரிய காடை ஆகுமா?

இது பேச்சின் இரண்டாவது பாதி. முதல் வாரத்தில் ஆமாம். அதற்குப் பிறகு அந்த வித்தியாசம் வாரத்துக்கு வாரம் கரைந்துகொண்டே வரும்.

காடையின் வளர்ச்சியை நினைத்துப் பாருங்கள். 7 கிராமில் பிறந்த குஞ்சு அஞ்சு வாரத்தில் 200 கிராமை நெருங்குகிறது. ஏறக்குறைய 28 மடங்கு. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை அஞ்சே வாரத்தில் 84 கிலோ ஆவதுபோல! இப்படி ஓடுகிற ஓட்டத்தில், பிறக்கும்போது இருந்த 1 கிராம் வித்தியாசம் எவ்வளவு தூரம் கூட வரும்? சேமிப்புக் கணக்கு தொடங்கும்போது ஒருத்தர் 500 ரூபாயும் இன்னொருத்தர் 700 ரூபாயும் போடுகிறார்கள். முதல் மாதம் 200 ரூபாய் பெரிய வித்தியாசமாகத் தெரியும். ஐந்து வருஷம் கழித்து இருப்பை முடிவு செய்வது மாதாமாதம் போட்ட பணம்தான். காடைக்கு அந்த மாதத் தவணை தீவனமும், தண்ணீரும், சூடும், இடமும்.

விற்கிற வயதில் ஒரு காடை நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 கிராம் எடை ஏறும். ஒரே ஒரு நாள் தண்ணீர்க் குழாய் அடைத்துக் கிடந்தால், பெரிய முட்டை வாங்கிச் சம்பாதித்த லாபம் அன்றைக்கே போய்விடும். பெரிய முட்டைக்குக் கூடுதல் விலை கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அந்தக் காசைத் தீவனத்தில் போடுங்கள்.

இன்னொன்று: ஐந்தாவது வாரத்தில் பெட்டை பெரிசாகவும் ஆண் சிறிசாகவும் இருப்பது காடையின் இயல்பு. கோழிக்கு நேர்மாறு. மந்தையில் சில பறவைகள் சிறியதாகத் தெரிந்தால் முட்டையைக் குறை சொல்லும் முன் அவை ஆணா என்று பாருங்கள். ஆண் காடையின் நெஞ்சு செம்பழுப்பாக இருக்கும். பெட்டையின் நெஞ்சில் கரும்புள்ளி இருக்கும்.

பிறகு எதற்கு எடை பார்க்க வேண்டும்?

இரண்டு காரணம். முதல் வாரச் சாவு ஒன்று, மந்தை ஒரே சீராக வருவது இன்னொன்று.

சின்னக் குஞ்சு மூன்று வகையில் பலவீனமானது. ஒன்று, உடம்புக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் குளிர்ந்துபோகும். முட்டைக்குச் சொன்ன அதே கணக்கு இங்கேயும் பொருந்தும். இரண்டு, பொரிக்கும்போது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வந்த மஞ்சள் கருவின் இருப்பு குறைவு. வெளியூர் ஹேச்சரியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பெட்டி வந்து சேரும்போது பெரிய குஞ்சு தாக்குப்பிடிக்கும், சின்னது வாடிப்போகும். மூன்று, பெரியதோடு ஒரே இடத்தில் விட்டால் மிதிபடும், தீவனத்தட்டு கிட்டே நெருங்க முடியாது.

ஆகவே 6 கிராம் குஞ்சும் 8 கிராம் குஞ்சும் ஒன்றாகக் கிடந்தால் சின்னது சாவது அதன் பலவீனத்தால் மட்டும் இல்லை, பக்கத்தில் பெரியது இருப்பதாலும்தான். ஒரே அளவுக் குஞ்சுகளாகப் பிரித்துவிட்டால் சின்னதும் பிழைத்து, சில நாள் பின்னால் அதே எடைக்கு வந்துவிடும்.

கடைக்காரர் கேட்பதும் சீரைத்தான். தட்டில் வைக்கும் காடை ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்று இருந்தால் அவருக்கு வாடிக்கையாளரோடு வம்பு.

செய்முறை: ஒரு தராசு, ஒரு நோட்டு

0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். இதைவிடப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

1. உங்கள் மந்தையின் 50 முட்டையை மொத்தமாக எடை போட்டுச் சராசரி பாருங்கள். 50 முட்டை 550 கிராம் என்றால் சராசரி 11 கிராம். வெளியூர்ப் பண்ணைக்காரர் சொல்கிற எடை உங்களுக்கு அளவுகோல் இல்லை, உங்கள் மந்தையின் சராசரிதான் அளவுகோல்.

2. சராசரிக்கு ஒரு கிராம் மேலே, ஒரு கிராம் கீழே உள்ளவற்றை மட்டும் அடைக்கு எடுங்கள். இந்தக் கணக்கில் 10 முதல் 12 கிராம் வரை. மிச்சத்தைச் சாப்பாட்டு முட்டையாக விற்றுவிடுங்கள். கடையில் காடை முட்டை எண்ணிக்கைக்குத்தான் விலை, எடைக்கு இல்லை. அதனால் கழித்ததில் நஷ்டமே கிடையாது.

3. கீறல், தோல்முட்டை, ஒரு பக்கம் கோணலானது, நீண்டு ஒடுங்கியது எல்லாம் எடை சரியாக இருந்தாலும் வேண்டாம்.

4. தாய்க் காடை ஆறு, ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். ஆரம்ப முட்டைகள் சிறியவை. பத்தாவது வாரத்துக்குப் பிறகு எடை நிலைப்படும். அப்போதிருந்து அடைக்கு எடுங்கள். ஆறு மாதம் தாண்டிய பெட்டையின் முட்டையைச் சாப்பாட்டுக்கு விட்டுவிடலாம்.

5. இன்குபேட்டரில் ஃபேன் உள்ள வகைக்கு 37.5 டிகிரி செல்சியஸ். முதல் 14 நாள் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம். தினமும் பல முறை திருப்பிவிட வேண்டும். 15-ம் நாளிலிருந்து திருப்பக் கூடாது, ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். 17, 18-ம் நாளில் பொரிக்கும்.

6. முட்டை டிரேயை வைக்கும்போது ஒருமுறையும் 14-ம் நாள் ஒருமுறையும் எடை போடுங்கள். டிரேயின் எடையைக் கழித்துவிடுங்கள். முட்டையின் எடை 10 முதல் 12 சதவீதம் குறைந்திருந்தால் சரி. 100 முட்டை 1,100 கிராம் என்றால் 14-ம் நாள் 970 முதல் 990 கிராம். அதற்கு மேல் இருந்தால் ஈரம் அதிகம், கீழே இருந்தால் ஈரம் குறைவு. காடை முட்டை ஓட்டில் திட்டுத் திட்டாகக் கறை இருப்பதால் லைட் அடித்துப் பார்ப்பது சிரமம். தராசு அந்த வேலையைச் செய்துவிடும்.

7. சின்ன முட்டை சில மணி நேரம் முந்தும், பெரியது சில மணி நேரம் பிந்தும். முதல் குஞ்சு வந்ததும் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஈரம் போய்விட்டால் பிந்தி வருகிறவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

8. முதல் வாரம் புரூடரில் சூடு 35 டிகிரிக்குக் குறையக் கூடாது. வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். குஞ்சு பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, பரவிக் கிடந்தால் சரி. சின்னக் குஞ்சுகளைத் தனி வளையத்தில் விட்டு, பல்பைக் கொஞ்சம் இறக்கித் தொங்கவிடுங்கள்.

9. தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போடுங்கள். இல்லையென்றால் காடைக் குஞ்சு அதில் விழுந்து செத்துப்போகும். வழுக்குகிற செய்தித்தாள் விரிக்காதீர்கள், கால் விரிந்துபோகும். சாக்கு நல்லது. தீவனத்தை ரவை போல நொய்யாக அரைத்துக் கொடுங்கள். சின்னக் குஞ்சின் அலகுக்குப் பெரிய துண்டு எட்டாது.

நல்ல முட்டை தாயின் தட்டிலிருந்து வருகிறது

இயற்கை வழியில் வளர்க்கிற நமக்கு இது முக்கியம். முட்டையின் எடையைப் பாதி வம்சம் தீர்மானிக்கிறது என்றால், மீதியைத் தாயின் வயதும் தீவனமும் தீர்மானிக்கின்றன. புரதம் குறைந்தால் முட்டை சிறுக்கும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மெலியும்.

மக்காச்சோளம், கம்பு, சோளம் இவற்றோடு எள்ளுப் புண்ணாக்கு சேருங்கள். முட்டைக்கு மிகவும் தேவையான மெத்தியோனின் என்கிற புரதக்கூறு அதில் நிறைய உண்டு. உப்பில்லாத கருவாட்டுத் தூள் கொஞ்சம், கிளிஞ்சல் தூள் தனித் தட்டில். அசோலாவைத் துணைக்குக் கொடுக்கலாம், அதையே முழுத் தீவனமாக நினைக்கக் கூடாது. கடலைப் புண்ணாக்கு வாங்கும்போது மோந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்ததில் இருக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு காடையின் ஈரலைக் கெடுத்து, முட்டையையும் பொரிப்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மழைக்காலத்தில் மக்காச்சோளத்துக்கும் இதே எச்சரிக்கை.

அடுத்த தலைமுறைக்குத் தாய் பொறுக்கும்போது பெரிய முட்டையை மட்டும் பார்த்துப் பொறுக்காதீர்கள். ஒவ்வொரு பெட்டையும் தன் முட்டையில் ஏறக்குறைய ஒரே மாதிரியான புள்ளி, திட்டு விழுகிறபடிதான் போடும். கூண்டுக்கு இரண்டு மூன்று பெட்டை என்று வைத்திருந்தால், கோலத்தைப் பார்த்தே எந்த முட்டை யாருடையது என்று சில நாளில் பிடிபட்டுவிடும். எது நிறையப் போடுகிறது, எது சீரான எடையில் போடுகிறது, எதன் முட்டை தவறாமல் பொரிக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் சேர்ந்து இருப்பதுதான் தாய்.

ஹேச்சரியிலிருந்து ஒவ்வொரு தடவையும் குஞ்சு வாங்குகிறவர் அவர்கள் சொன்ன விலைக்கும், அவர்கள் அனுப்பும் தரத்துக்கும் கட்டுப்பட்டவர். விதையைக் கையில் வைத்திருக்கிற உழவருக்குத்தான் பேரம் பேசும் பலம் உண்டு என்று நெல்லுக்குச் சொல்கிறோம். காடைக்கும் அதுதான். நாற்பது ஐம்பது தாய்க் காடையும், ஒரு தராசும், ஒரு நோட்டும் இருந்தால் உங்கள் விதை உங்கள் கையில்.

இந்த மாதம் பொறுக்கும் முட்டையில் ஐம்பதை எடுத்து எடை போட்டுத் தொடங்குங்கள். மூன்று அடை முடிந்ததும், எந்த எடை முட்டை உங்கள் கொட்டகையில் நன்றாகப் பொரிக்கிறது என்பதை உங்கள் நோட்டே சொல்லிவிடும்.